இணையக்கடை போடப் போறோம்: பனிமூட்ட வீடியோ முதலா, தேயிலை விபரம் முதலா?

கொழுந்துக்காரி (தலவாக்கலை)

எல்லாருக்கும் வணக்கம். நானும் தம்பியும் தேயிலை, கொஞ்சம் மிளகு, கறுவா, கராம்பு எல்லாம் பொதி செஞ்சு விக்கிறோம். இதுவரைக்கும் பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும்தான். இப்ப சொந்தமா ஒரு இணையக்கடை போடலாம்னு முடிவெடுத்திருக்கோம்.

தம்பிக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மாதிரிப் பக்கம் வரைஞ்சு அனுப்பினார். திறந்தவுடனே திரை முழுக்கப் பனிமூட்டம் நகர்ற வீடியோ. அது மேல மெல்லிசான வெள்ளை எழுத்துல "நுவரெலியாவின் சுவை"னு ஒரு வரி. கீழ போனா ஒன்பது வளைவுப் பாலத்துல ரயில் போற படம், கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தங்க சிரிக்கிற படம், திரும்பவும் மலை. அதுக்கும் கீழதான் பொருள்கள். அதுலயும் பேரும் விலையும் மட்டும்தான்.

தம்பிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. "இப்ப யாருக்கா வாசிக்கிறா, பாத்த உடனே வாங்கணும்"னு சொல்றான். எனக்கு மனசு ஒப்பல. எங்களுக்கு வட்ஸ்அப்ல வர்றது எல்லாம் கேள்விதான். இது டஸ்டா பி.ஓ.பி.யா (தூளோட துகள் அளவு), பால் போட்டா நல்லா இருக்குமா, எத்தனை கிராம், பதுளைக்கு எப்ப வரும், பார்சல் வந்த பிறகு காசு குடுக்கலாமா. இதுக்கெல்லாம் அந்தப் பக்கத்துல இடமே இல்ல. கேட்டா, எழுத்து கூடினா அழகு கெட்டுரும்ங்கிறார் வரைஞ்சவர்.

எதை முதல்ல முடிக்கணும்? தோற்றத்தையா, எழுத வேண்டியதையா? இந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அப்புத்தளை வரைகலை

சகோதரி, உங்க தம்பி சொல்றதுல பாதி சரி. அந்தப் பாதியை விட்டுராதீங்க. குருநாகல்ல இருக்கிற ஒருத்தருக்கு உங்களைத் தெரியாது, கடையைப் பார்த்ததில்ல, உங்க ஊர் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. அவர் முன்கூட்டியே காசு அனுப்பணும்னா "இவங்க ஒழுங்கா அனுப்புவாங்க"ங்கிற நம்பிக்கை வரணும். அந்த நம்பிக்கை முதல்ல கண்ணு வழியாத்தான் வருது. எழுத்துரு ஒழுங்கா இருக்கா, படம் தெளிவா இருக்கா, பக்கம் சுத்தமா இருக்கா, இதைத்தான் பார்ப்பாங்க. நோட்டீஸ் பலகை மாதிரி எல்லாத்தையும் நெருக்கி ஒட்டினா நல்ல தூளுக்கும் மதிப்பு போயிரும்.

ஆனா நீங்க சொல்ற மாதிரிப் பக்கத்துல இன்னொரு பிரச்சினை தெரியுது. அதுல இருக்கிற படம் ஒன்னுகூட நீங்க விக்கிற பொருளைக் காட்டல.

லயத்துப் பிள்ளை (கொழும்பில் வேலை, சொந்த ஊர் மஸ்கெலியா)

நான் இணையத்தளம் கட்டுற வேலைதான் பார்க்கிறேன். அந்த வீடியோவைப் பத்திச் சொல்லணும்.

எங்க அம்மா இன்னும் தோட்டத்துலதான் இருக்காங்க. லயத்துக்குள்ள (தோட்டத்து வரிசை வீடு) சிக்னல் ஒரு கோடு, வாசலுக்கு வந்தா ரெண்டு கோடு. டேட்டா கார்ட் போட்டுத்தான் பாவிக்கிறாங்க. அப்படி ஒருத்தர் உங்க கடையைத் திறந்தா, பொருளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அவங்க டேட்டாவை அந்தப் பனிமூட்டம் தின்னுரும். பக்கத்தோட பிரதான பகுதி 2.5 செக்கனுக்குள்ள கண்ணுக்குத் தெரியணும்னு கூகுள் ஒரு அளவு வச்சிருக்கு. முழுத்திரை வீடியோவைத் தூக்கிக்கிட்டு அந்த அளவை மலைநாட்டு சிக்னல்ல எட்டுறது ரொம்பக் கஷ்டம். வேணும்னா அதே காட்சியை ஒரு நிலைப்படமா, வெப்பி (WebP) வடிவத்துல சுருக்கிப் போடுங்க. ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் நிரல்ல குறிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும், விரல் வேற பொத்தான்ல பட்டுரும்.

அடுத்தது அந்த வெள்ளை எழுத்து. பனி வெள்ளை, எழுத்தும் வெள்ளை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு இருக்கணும்னு இணைய அணுகல் விதி சொல்லுது. பனி மேல வெள்ளை எழுத்து அதுக்குக் கிட்டவும் வராது. பகல் வெயில்ல பஸ் ஜன்னலோரம் உக்காந்து போனைத் திறக்கிறவங்களுக்கு அங்க ஒன்னுமே தெரியாது.

இதைவிடப் பெரிய விசயம், வரைஞ்சவர் எந்த எழுத்தை வச்சு வரைஞ்சார்னு கேளுங்க. பெரும்பாலும் ஆங்கில வார்த்தை ரெண்டைப் போட்டு இடம் பிடிச்சிருப்பாங்க. தமிழை அதுல ஊத்தினா பொத்தான் ரெண்டு வரியா உடையும், பட்டியல் அடுத்த வரிக்கு இறங்கும். புள்ளியும் கொம்பும் சுழியும் மேலயும் கீழயும் போறதால வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூட வேணும். நான் எழுத்தளவுல 1.6 மடங்குக்குக் கீழ வைக்கிறதில்ல. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுற அலங்காரத்தைத் தமிழ்ல செய்யவே கூடாது, கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்கலாம். சிங்களத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூணு மொழியில போடப் போறீங்கன்னா, மூணுலயும் எது நீளமான வரியோ அதை வச்சு வரையச் சொல்லுங்க. அதுக்கு அந்த வரி முதல்ல எழுதியிருக்கணுமே.

மாத்தளைச் சரக்குக்காரி

தங்கச்சி, நீ கேட்டதுக்கான பதில் உன் வட்ஸ்அப்லயே இருக்கு. பழைய சாட் எல்லாத்தையும் திறந்து வச்சு, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எங்கெங்க வருதுன்னு ஒரு கொப்பியில எழுது. அதிகமா வர்ற கேள்விக்குப் பதில் பொருள் படத்துக்குப் பக்கத்துலயே வரணும். அபூர்வமா வர்றது கீழ போகட்டும். நான் மிளகுக்கு இப்படித்தான் செஞ்சேன்.

மிளகு வாங்குறவங்க ரெண்டு வகை. வீட்டுக்கு நூறு கிராம் வாங்குறவங்க காரமா, சுத்தமா, இந்த வருசத்துச் சரக்கான்னு கேப்பாங்க. சாப்பாட்டுக் கடைக்கு மொத்தமா எடுக்கிறவங்க லீற்றர் எடை எவ்வளவுன்னு கேப்பாங்க. 550 கிராம்னு சொன்னா, ஒரு லீற்றர் அளவுல அத்தனை கிராம் நிக்குது, மணி கனமானதுன்னு அவங்களுக்கு விளங்கிரும். இந்த ஒரு இலக்கத்தை எந்தப் போட்டோவும் காட்டாது.

கறுவாவுல இதுக்கு நேர் எதிர். "அல்பா"ன்னு எழுதினா வீட்டுக்காரங்களுக்கு ஒன்னும் விளங்காது. அது குறுக்களவு 6 மில்லிமீற்றருக்கு மேல போகாத மெல்லிய சுருள். அதைப் பேனைக்குப் பக்கத்துல வச்சுப் படம் எடுத்துப் போட்டேன். அதுக்குப் பிறகு "கறுவா இவ்வளவு மெல்லிசா இருக்கே, நல்லதா"ன்னு கேக்கிறவங்க குறைஞ்சுட்டாங்க. வெட்டுமுகமும் தெரியணும். நம்ம கறுவா உள்ளுக்குள்ள அடுக்கடுக்கா மெல்லிய பட்டையா நிறைஞ்சிருக்கும், கறுவா மாதிரியே இருக்கிற கசியா பட்டை ஒரே தடிப்பான தகடா உள்ள வெறுமையா சுருண்டிருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு பந்தி எழுதணும், படத்துல ஒரு பார்வை போதும்.

அதனால படமா எழுத்தான்னு மொத்தமா பிரிக்காத. ஒவ்வொரு பொருளுக்கும், வாங்குறவங்க சந்தேகத்தை எது சீக்கிரம் தீர்க்கும்னு பாரு.

தலவாக்கலைத் தம்பி

நான்தான் அக்கா சொன்ன அந்தத் தம்பி. ஒரு விசயம் சொல்றேன். எங்க பேஸ்புக் பக்கத்துல தூள் படம் போட்டா நாலு பேர் பார்க்கிறாங்க. மலைப் படம் போட்டா அதைப் பகிர்ந்துக்கிட்டே போறாங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆக்கள் அதைப் பார்த்துத்தான் முதல் தடவை எழுதுறாங்க. அந்த உணர்வைக் கடையில இருந்து எடுத்துட்டா, நாங்களும் சுப்பர் மார்க்கெட் தட்டுல இருக்கிற இன்னொரு பக்கெட் ஆயிருவோம். விலையில பெரிய கொம்பனிகளோட எங்களால போட்டி போட முடியாது. எங்ககிட்ட இருக்கிறது இந்த மலைதான்.

அட்டன் பிள்ளை (டொரொன்டோ)

தம்பி, நீங்க சொல்ற அந்த ஆள் நான்தான். மலைப் படத்தைப் பார்த்தா நான் கட்டாயம் நிப்பேன். ஆனா உங்களைப் போல ஒரு சின்னக் கடையில நின்னுட்டு வாங்காமத் திரும்பியிருக்கேன். காரணம், கனடாவுக்கு அனுப்புவாங்களா, தபால் செலவு எவ்வளவு, எத்தனை நாளாகும், ஒன்னுமே அந்தப் பக்கத்துல இல்ல. "தொடர்புகொள்ளவும்"னு ஒரு இலக்கம் மட்டும். இங்க நான் வேலை முடிஞ்சு வரும்போது அங்க இன்னும் விடிஞ்சிருக்காது, யாரைக் கூப்பிட? பொதி எடை, எத்தனை பொதி சேர்த்தா எவ்வளவு செலவு, இதை ஒரு சின்ன அட்டவணையாப் போட்டிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன். மலை என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு, உள்ள போய் வாங்க அந்த அட்டவணைதான் வேணும்.

ஓய்வுபெற்ற டீமேக்கர் (பொகவந்தலாவை)

பிள்ளைகளே, முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் நின்றவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்தப் பாலம். ஒன்பது வளைவுப் பாலம் தெமோதரையில் இருக்கிறது. அது ஊவா. நீங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் தூளை விற்கிறீர்கள் என்றால் அது டிம்புளை. இரண்டும் வேறு தேயிலைப் பிரதேசங்கள். இரண்டின் சுவையும் வேறு, நல்ல பருவமும் வேறு. டிம்புளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று அடிக்கும் நாட்களில், அந்தக் குளிர்ச்சியான தனி வாசம் அப்போதுதான் ஏறும். தேயிலை தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் அந்தப் பாலத்தைப் பார்த்தால் ஊவாத் தேயிலை என்று நினைத்து வாங்குவார். குடித்ததும் ஏமாந்ததாக நினைப்பார். படம் பேசாமல் இருப்பதில்லை, அதுவும் தகவல்தான் சொல்கிறது. அந்தத் தகவல் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, "நுவரெலியாவின் சுவை". தலவாக்கலையும் அட்டனும் நுவரெலியா மாவட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் தேயிலைக் கணக்கில் நுவரெலியா என்பது தனிப் பிரதேசம். மேல் மட்டத்தில் விளையும் அந்தத் தேயிலையின் சாயம் வெளிர், வாசம் மென்மை. உங்கள் தூளைப் பாலுக்கு நல்லது என்று விற்கிறீர்கள். அப்படியானால் அந்த வரி உங்கள் தூளுக்கே எதிராக நிற்கிறது. "டிம்புளை" என்று எழுதுங்கள். அதற்கு நல்ல பெயர் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, தரப் பெயர். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பவை துகளின் அளவைக் குறிப்பவை. துகள் சிறுத்தால் தரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. சின்னத் துகள் சாயத்தைச் சீக்கிரம் விடும், கடுமையாக இருக்கும், பாலுக்குப் பொருந்தும். பெரிய துகள் மெதுவாக இறங்கும், பால் சேர்க்காத பிளேன்டீக்கு நன்றாக இருக்கும். இதை எழுத்திலும் சொல்லுங்கள், படத்திலும் காட்டுங்கள். மூன்றையும் வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தால் சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

கடைசியாக, இலங்கைத் தேயிலைப் பொதிகளில் காணும் சிங்க இலச்சினை. அது இலங்கைத் தேயிலைச் சபைக்குரியது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட பொதிக்குத்தான் அனுமதி உண்டு. அழகுக்காக இணையத்தளத்தின் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அனுமதி பெற்ற பிறகு பார்க்கலாம்.

கொழுந்துக்காரி

ஐயா, ரொம்ப நன்றி. பாலத்தைப் பத்தி எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல, அழகா இருக்குன்னு மட்டும்தான் பார்த்தோம். இன்னைக்கே எடுக்கச் சொல்றேன்.

லயத்துப் பிள்ளை தம்பிக்கு ஒரு கேள்வி. எங்க பழைய துண்டுப் பிரசுரம் எல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சது. அதையே தளத்துல போட்டுக்கலாம்னு வரைஞ்சவர் சொல்றார். முடியாட்டி எழுத்தைப் படமாவே ஒட்டிரலாமாம். சரி வருமா?

பள்ளிக்கூட டீச்சர் (பதுளை)

நடுவுல வந்து பேசுறேன், மன்னிக்கணும். எல்லாரும் வீடியோவையும் பாலத்தையும் பத்திப் பேசுறீங்க. கொழுந்து பறிக்கிற அந்த அம்மா படத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

அவங்க யாரு? எந்தத் தோட்டம்? தன் முகம் ஒரு கடை வாசல்ல இருக்கப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா? எங்கேயோ இணையத்துல இருந்து எடுத்த படம்னா, அவங்களுக்கு நிச்சயமா தெரியாது. நம்ம மக்கள் இந்த மலைக்கு வந்து 200 வருசம்னு 2023ல நினைவுகூர்ந்தோம். தேயிலை விளம்பரம் வந்த காலத்துல இருந்து அதுல நம்ம அம்மாக்கள் முகம் மட்டும் இருந்துச்சு, பேர் இருந்ததில்ல. வெளியில இருந்து வர்ற கொம்பனி அதைச் செஞ்சா ஒரு கவலை. தலவாக்கலைப் பிள்ளைங்க, அதே மலையில பிறந்தவங்க செஞ்சா அதைவிடப் பெரிய கவலை.

படமே போடாதீங்கன்னு நான் சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்காகிட்டக் கேளுங்க. எதுக்குன்னு விளக்கிச் சொல்லி, அவங்க சம்மதிச்சா எடுங்க. அவங்களுக்கு உரியதைக் குடுங்க. அவங்க விரும்பினா பேரும், எத்தனை வருசமாப் பறிக்கிறாங்கன்னும் கீழ எழுதுங்க. கூடையைத் தேடிப் பிடிச்சு முதுகுல மாட்டி வேசம் போட வேண்டாம். இப்ப பல தோட்டத்துல பைதான். பை இருந்தா பையோடயே எடுங்க, இடுப்புல படங்கு கட்டியிருந்தா படங்கோடயே. கீழ ரெண்டு வரி உண்மை இருந்தா அந்தப் படம் அவங்களையும் மதிக்கும், உங்க கடையையும் மத்தக் கடையில இருந்து தனியாக் காட்டும்.

தலவாக்கலைத் தம்பி

டீச்சர், நீங்க சொன்னது மனசுல பட்டுச்சு. பக்கத்து டிவிஷன்ல (தோட்டப் பிரிவு) எங்க பெரியம்மா இன்னும் மலைக்குப் போறாங்க. அவங்ககிட்டக் கேக்கிறேன்.

லயத்துப் பிள்ளை

அக்கா, பாமினி வேண்டவே வேண்டாம். அது ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்ச எழுத்துரு. பார்க்கத் தமிழ், உள்ளுக்குள்ள ஆங்கிலக் குப்பை. யாராவது கூகுள்ல "டிம்புளை தேயிலை"ன்னு தேடினா உங்க பக்கம் வராது. வாங்கப் போறவங்க ஒரு வரியை நகல் எடுத்துத் தங்கச்சிக்கு வட்ஸ்அப்ல அனுப்பினா அங்க ஏதேதோ எழுத்தா விழும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாத்துற கருவிகள் இலவசமா இருக்கு. மாத்தின பிறகு ஒருதடவை உக்காந்து வாசிச்சுத் திருத்துங்க. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசம், தெளிவு.

எழுத்தைப் படமாவும் ஒட்டக் கூடாது. தேடலுக்கு அகப்படாது, சின்ன போன்ல பெரிசாக்கினா மங்கும், கண் தெரியாதவங்க பாவிக்கிற வாசிப்புச் செயலி அதைத் தாண்டிப் போயிரும். அதே காரணத்துக்காக ஒவ்வொரு தூள் படத்துக்கும் அதுல என்ன இருக்குன்னு சொல்ற மாற்று விபரம் ஒரு வரி எழுதி வைங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், முகவரிப் படிவம். வெளிநாட்டு வார்ப்புரு எதை எடுத்தாலும் "வீட்டு இலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு" எல்லாம் கட்டாயம்னு இருக்கும். லயத்துல இருக்கிறவங்களுக்கு வீதிப் பேர் ஏது? எங்க வீட்டுக்குக் கடிதம் வந்தா தோட்டப் பேர், டிவிஷன், அப்பா பேர், அவ்வளவுதான். அதுவும் தோட்ட ஆபீசுக்கு வந்துதான் கைக்கு வரும். குரியர் வண்டி பல இடத்துல டவுனோட நின்னுரும். உங்க வாடிக்கையாளர்ல நம்ம மக்களும் இருக்காங்கன்னா படிவத்துல தோட்டம், டிவிஷன், லயன் இலக்கம்னு பெட்டி வைங்க. வீதியைக் கட்டாயம் ஆக்காதீங்க. "டவுன்ல எந்தக் கடையில குடுக்கலாம்"னு ஒரு பெட்டியும் வைங்க. தொலைபேசி இலக்கம் மட்டும் கட்டாயம். இது அழகுல சேருமா எழுத்துல சேருமான்னு எனக்குத் தெரியாது. ஆனா இது இல்லாட்டி பொகவந்தலாவையில இருக்கிற ஒருத்தர் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து, அங்க முட்டி நின்னுட்டுத் திரும்பிப் போவார்.

அட்டைக் கட்டணம் எடுக்கப் போறீங்கன்னா இன்னொன்னு. கட்டண நுழைவாயில் குடுக்கிறவங்க உங்க கணக்கை அனுமதிக்க முன்னாடி பணம் திருப்பும் விதி, தனியுரிமை, விற்பனை நிபந்தனைப் பக்கங்களைப் பார்ப்பாங்க. நம்ம நாட்டுல 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. ஆக்களோட பேர், முகவரி, இலக்கம் வாங்குறீங்க, அதை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு தெளிவா எழுதுங்க. கடைசி நாள்ல எங்கேயோ இருந்து நகல் எடுத்து ஒட்டுற பக்கம் இல்ல இது.

அப்புத்தளை வரைகலை

இவ்வளவும் கேட்ட பிறகு வரைகலைக்காரனா என் பங்கையும் சொல்றேன். இதை எல்லாத்தையும் அப்படியே அள்ளிப் பக்கத்துல கொட்டினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. எழுத்து முதல்ல வரணும்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா எழுதினதுல எது பெரிசு, எது சிறுசு, எதை மறைச்சு வச்சுத் தொட்டா திறக்கிற மாதிரி வைக்கணும்னு முடிவு பண்றது வரைகலை. அது அலங்காரம் இல்ல.

ஒரு தேயிலைப் பக்கத்தை நான் இப்படி வைப்பேன். போன் திரையைத் தள்ளாமலே தெரிய வேண்டியது: தூள் படம், பேர், பிரதேசம், எடை, விலை, "பாலுக்கு" அல்லது "பிளேன்டீக்கு"ன்னு ஒரு சொல், வாங்குற பொத்தான். கொஞ்சம் தள்ளினா எப்படி ஊத்துறது, எப்ப வந்து சேரும், வந்த பிறகு காசு குடுக்கலாமா. இன்னும் வேணும்ங்கிறவங்க தொட்டுத் திறக்கிற மாதிரி தர விளக்கம், பருவம், பொதி செய்த திகதி. மலைப் படம் முகப்புல ஒன்னு போதும், அதுவும் உங்க ஊர் மலை. பெரியம்மா படம் "எங்களைப் பத்தி" பக்கத்துல, பெரிசா, தனியா, சுத்தி வெற்றிடம் விட்டு. தம்பி ஆசைப்படுற உணர்வு அங்க இருக்கும். ஊத்துற கேத்தலோட ஆவி ஒரு படத்துல வந்தாலும் அதே உணர்வுதான், அதுக்கு வீடியோ தேவையில்ல.

வரைஞ்சவரைக் கோவிச்சுக்காதீங்க. எழுத்து கைக்கு வராம யார் வரைஞ்சாலும் மலையும் பனியும்தான் வரைய முடியும். முதல்ல ஒரே ஒரு பொருளுக்கு முழுசா எழுதி அவர்கிட்டக் குடுங்க. அதை வச்சுத் திரும்ப வரையச் சொல்லுங்க. அந்த ஒன்னு சரி வந்தா மத்ததெல்லாம் அதே அச்சுல போகும்.

கொழுந்துக்காரி

ராத்திரி உக்காந்து ஒன்னு எழுதியிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க.

"டிம்புளை பி.ஓ.பி.எஃப். 200 கிராம். பால் தேத்தண்ணிக்கு. சின்னத் துகள், சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பானது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, நல்லாக் கொதிச்ச தண்ணீர், 3 நிமிடம். காற்றுப் புகாத டின்னில் வையுங்கள், மசாலாப் பொருட்களுக்குப் பக்கத்தில் வேண்டாம். பொதி செய்த திகதி பொதியின் பின்பக்கம். தோட்ட முகவரிக்கும் அனுப்புவோம், பொதி கைக்கு வந்த பின் காசு கொடுக்கலாம்."

விலையையும் தபால் அட்டவணையையும் தம்பி போடுறான். கனடாவுக்கான செலவைத் தபாலகத்துல கேட்டு எழுதுவோம்.

ஓய்வுபெற்ற டீமேக்கர்

நன்றாக இருக்கிறது, மகள். இரண்டு திருத்தம். "தேக்கரண்டி" என்பதோடு 2 கிராம் என்றும் சேருங்கள், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு. "நல்லாக் கொதிச்ச" என்பதை "அப்போதுதான் கொதித்த" என்று மாற்றுங்கள். திரும்பத் திரும்பக் கொதித்த தண்ணீரில் சாயம் உயிரில்லாமல் இருக்கும். மசாலாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று எழுதியது மிகவும் சரி. நீங்களே இரண்டையும் விற்கிறவர்கள், பொதி செய்யும் இடத்திலும் தேயிலையை வேறாக வையுங்கள். கராம்பு வாசத்தைத் தேயிலை உடனே இழுத்துக்கொள்ளும்.

அட்டன் பிள்ளை (டொரொன்டோ)

அட்டவணை வந்ததும் இங்க சொல்லுங்க. ரெண்டு பொதி பி.ஓ.பி.எஃப்., ஒரு பொதி மிளகு எனக்கு.

அப்புத்தளை வரைகலை

எழுத்து போதும், இதை வச்சு வரையலாம். இனி படம். மூணு தூளையும் வெள்ளைப் பீங்கான் தட்டுல, காலைல ஜன்னல் பக்கத்துல, வெயில் நேரடியா விழாத இடத்துல எடுங்க. பளிச்சு விளக்கு போட வேண்டாம், தூள் பழுப்பாத் தெரியும். பக்கத்துல ஊத்தின சாயம் ஒரு கோப்பை, பால் இல்லாம. பொதியோட பின்பக்கம், எடையும் திகதியும் வாசிக்கிற மாதிரி ஒன்னு. வட்ஸ்அப்ல படமா அனுப்பாதீங்க, சுருக்கிரும். கோப்பா அனுப்புங்க.